பட்டன் தேயாத பழைய டயரை எப்போது மாற்றுவது?

சேலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 2017 கடைசியில் வாங்கிய ஸ்விஃப்ட், ஓடியது 31,000 கிலோமீட்டர்தான். வண்டியோடு வந்த அதே டயர்கள். பட்டன் (டயரில் தரையைத் தொடுகிற, பள்ளம் பள்ளமாக இருக்கும் ரப்பர்) நன்றாகவே இருக்கிறது, பஞ்சர்கூட அதிகம் ஆனதில்லை. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள். வீட்டில் மாமனார், "இன்னும் இருபதாயிரம் தாராளமா ஓடும் மாப்ள, அவங்க வியாபாரத்துக்குச் சொல்றாங்க" என்கிறார். மே மாதம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போகிற திட்டம் இருக்கிறது. டயரில் 3617 என்று போட்டிருக்கிறது. என்ன செய்யலாம்?

மாற்றிவிடுங்கள், நான்கையும். ராமேஸ்வரம் கிளம்புவதற்கு முன்பே. உங்கள் மாமனார் சொல்வதை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. பட்டனை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த டயரில் இன்னும் ஓட்டம் பாக்கி இருக்கிறது. தேவையில்லாமல் டயர் மாற்றச் சொல்கிற கடைகளும் உண்டுதான். ஆனால் இந்த முறை கடைக்காரர் சொல்வது சரி. உங்களைப் போன்ற நிலையில் ஏராளமான வண்டிகள் நிற்கின்றன என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற கார், ஊரில் அப்பா அம்மாவிடம் நிற்கிற கார், வெளிநாட்டில் இருப்பவர் லீவுக்கு வரும்போது மட்டும் ஓட்டுகிற கார். இந்த வண்டிகளின் டயர்கள் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடுகின்றன.

முதலில் அந்த 3617. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று ஆரம்பிக்கும் நீளமான குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அவை. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருஷம். அதாவது 2017-ஆம் ஆண்டின் 36-வது வாரம், செப்டம்பர் தொடக்கத்தில் தயாரானது. சில டயர்களில் இந்தத் தேதி ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்புறமாக மாட்டப்பட்டிருந்தால் டார்ச் அடித்துக் குனிந்து பார்க்க வேண்டும், அல்லது ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டுப் பார்க்க வேண்டும். பழைய கார் வாங்குகிறவர்கள் இந்த நான்கு எண்ணை ஐந்து டயரிலும் படித்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும் என்பேன். விற்பவர்கள் "டயர் 80 சதவீதம் இருக்கு" என்பது பட்டனைத்தான். வயதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

பட்டன் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புது கார் டயரில் பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், அவைதான் தேய்மானக் குறி. பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம். நம் மோட்டார் வாகன விதியில் காருக்குக் குறைந்தபட்சம் அதுதான். ஆனால் 1.6 வரை காத்திருப்பது மழைக்கு ஆகாது. பள்ளம் ஆழமாக இருந்தால்தான் தண்ணீர் டயருக்கு அடியிலிருந்து வெளியேறும். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால், ஐப்பசி மழை ஆரம்பிக்கும் முன் மாற்றச் சொல்வேன். உங்கள் டயருக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அதனால் இதை இத்தோடு விடுவோம்.

வயது விஷயம் வேறு. டயர் கிளெய்ம், அதாவது கெட்டுப்போன டயருக்கு இழப்பீடு கேட்டு வருவதைப் பார்க்கிற வேலையில் இருப்பதால், வெடித்த டயரையும் பிரிந்த டயரையும் குறுக்கே வெட்டிப் பார்ப்பது எனக்கு வழக்கம். இன்றைய கார்களில் இருக்கிற ரேடியல் வகை டயரை வெட்டினால் பட்டனுக்கு அடியில் இரண்டு அடுக்கு எஃகுக் கம்பி பெல்ட் தெரியும். நூல் கனத்தில் கம்பிகள், மேலே பித்தளைப் பூச்சு, ஒரு அடுக்கு இடது சாய்வு, இன்னொன்று வலது சாய்வு. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய ரப்பர். சக்கரம் ஒரு சுற்று சுற்றுகிறபோதெல்லாம் பெல்ட்டின் ஓரத்தில் அந்த ரப்பர் இழுபட்டு, விடுபட்டு, மறுபடி இழுபடும். டயர் முழுவதிலும் அதிகம் உழைக்கிற இடம் அந்த ஓரம்தான். ஒரு வயது டயரில் அங்கே ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பினால் ரப்பர் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நீளும், விட்டதும் பழையபடி அடங்கும். நன்றாக வயதான டயரில் அதே இடம் வெடுக்கென்று பிய்ந்து வருகிறது. ரப்பர் ஒரு துணுக்குகூட ஒட்டாமல், பித்தளை நிறம் பளிச்சென்று தெரியக் கம்பி தனியாக வெளியே வருவதையும் பார்க்கலாம். வெளியே அதே டயரின் பட்டன் 5 மில்லிமீட்டர் இருக்கும்.

இது எப்படி நடக்கிறது? நாம் அடிக்கிற காற்றே உள்ளிருந்து வேலையைக் காட்டுகிறது. டயரின் உள்பக்கம் காற்றைத் தடுக்கும் ஒரு லைனர் இருந்தாலும் அது முழுசாகத் தடுப்பதில்லை. பஞ்சர் இல்லாமலே மாதாமாதம் கொஞ்சம் காற்று குறைகிறதே, அது இப்படி ரப்பர் வழியாகக் கசிந்து போவதுதான். போகிற வழியில் ஆக்சிஜன் ரப்பரோடு வினைபுரிந்து அதை இறுக்கிவிடுகிறது. வீட்டில் பழைய மருந்துச் சீட்டுகளைக் கட்டிவைத்த ரப்பர் பேண்டை நாலைந்து வருஷம் கழித்து இழுத்தால் பட்டென்று அறுந்துபோகும் இல்லையா, அதே சமாச்சாரம். சூடு கூடினால் வினையின் வேகமும் கூடும். பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது வேதியியலில் தோராயமாகச் சொல்கிற கணக்கு. நம் ஊர் வெயிலில், தார் ரோட்டில், நிழலில்லாத பார்க்கிங்கில் நிற்கிற டயர் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"ஓடாத வண்டி, டயர் புதுசாத்தான் இருக்கும்" என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ரப்பரில் மெழுகும், ஓசோனை எதிர்க்கும் ரசாயனமும் கலந்திருப்பார்கள். டயர் ஓடி வளைந்து நெளிந்தால்தான் இவை ஒழுங்காக மேற்பரப்புக்கு வந்து பாதுகாக்கும். ஒரே இடத்தில் நிற்கிற வண்டிக்கு அந்தக் காவல் குறைகிறது. அதனால்தான் குறைவாக ஓடிய வண்டிகளின் டயரில் பக்கவாட்டு வெடிப்புகளை அடிக்கடி பார்க்கிறோம். ஆக, 31,000 கிலோமீட்டர் என்பது இந்த விஷயத்தில் உங்களுக்குச் சாதகமான எண் இல்லை.

இது டயர் விற்பவர்கள் கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்களுக்காக அமெரிக்கக் கணக்கு ஒன்று. அங்கே 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. ஓடும்போதே பட்டன் பகுதி பெல்ட்டோடு உரிந்து வந்து வண்டிகள் கவிழ்ந்தன. 270-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த டயர்களில் வடிவமைப்பு, தயாரிப்புக் குறைகள் இருந்தன, எல்லா டயரையும் அதோடு சேர்த்துப் பேச முடியாது. ஆனால் விபத்துகள் குவிந்த இடங்கள் அரிசோனா, கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா, டெக்சஸ், எல்லாம் வெயில் மாநிலங்கள். அதற்குப் பிறகு அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு டயர் முதுமையைத் தனியாக ஆராய்ந்தது. ஆராய்ச்சிக்கு டயர் சேகரிக்க அவர்கள் தேர்ந்தெடுத்த ஊர் அரிசோனாவின் ஃபீனிக்ஸ், அங்கே வெயில் அப்படி. ஒரு பெரிய இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் 2002 முதல் 2006 வரையான கணக்கையும் பார்த்தார்கள். வெயில் அதிகமான ஐந்து மாநிலங்களில் இருந்தது பாலிசிதாரர்களில் 27 சதவீதம்தான், ஆனால் டயர் சம்பந்தப்பட்ட கிளெய்ம்களில் 77 சதவீதம் அங்கிருந்து வந்தது. அதில் 84 சதவீதம் ஆறு வயது தாண்டிய டயர்கள். டயர் முதுமையைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் எடுத்துக்காட்டுவது இந்த எண்களைத்தான், ஏனென்றால் நம் வெயில் அந்த ஐந்து மாநில வெயிலுக்குச் சளைத்தது இல்லை.

பிரிட்டன் குளிர் தேசம். அங்கேயும் 2012 செப்டம்பரில் ஒரு இசை விழாவிலிருந்து திரும்பிய பஸ்ஸின் முன் டயர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது பத்தொன்பதரை. இறந்த இளைஞர் ஒருவரின் தாய் பல வருஷம் விடாமல் போராடினார். 2021 பிப்ரவரி முதல், பஸ், லாரிகளின் முன் அச்சில் பத்து வயது தாண்டிய டயர் போடக்கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. நம் விதிகள் காருக்குப் பட்டன் ஆழத்தைத்தான் சொல்கின்றன. வயதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, எத்தனை வயது? டயர் கம்பெனிகளான மிஷ்லின், காண்டினென்டல் போன்றவை பத்து வருஷத்தைக் கடைசி எல்லையாகச் சொல்கின்றன, ஐந்து வயதுக்குப் பிறகு வருஷா வருஷம் தெரிந்தவரிடம் காட்டச் சொல்கிறது மிஷ்லின். கார் கம்பெனிகள் பல ஆறு வருஷத்திலேயே மாற்றச் சொல்கின்றன. ஆறுக்கும் பத்துக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பது வண்டி எங்கே நிற்கிறது, எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. ஊட்டியில் ஷெட்டுக்குள் நிற்கிற வண்டிக்கும் வேலூரில் தெருவில் நிற்கிற வண்டிக்கும் ஒரே எண்ணைச் சொல்வது நியாயமில்லை. தமிழ்நாட்டுச் சமவெளியில் என் கணக்கு இப்படி: ஐந்து வயது முடிந்ததும் ஒவ்வொரு கோடைக்கு முன்பும் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆறு, ஏழு வயதில், நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்கள் மாற்றிவிட வேண்டும். ஊருக்குள் நாற்பது, ஐம்பது வேகத்தில் ஓட்டுகிறவர்கள், டயரில் குறை தெரியாதவரை, எட்டு வரை போகலாம். எட்டு தாண்டிய டயரோடு நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். உங்களுடையது எட்டைத் தாண்டிவிட்டது.

அதோடு நீங்கள் போகப்போவது மே மாதம். சேலத்திலிருந்து கரூர், திண்டுக்கல், மதுரை, ராமநாதபுரம் வழியாக ஏறக்குறைய 400 கிலோமீட்டர், மதுரை வரை நான்குவழிச் சாலை, கால் தானாக நூறைத் தொடும். வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறையப் பை. டயரைக் கொல்வது சூடு. சூட்டைக் கூட்டுவது வேகம், பாரம், காற்றுக் குறைவு. இந்த மூன்றும் ஊருக்குள் ஒன்றாகச் சேர்வது அபூர்வம், நெடுஞ்சாலையில் சுலபமாகச் சேர்ந்துவிடும். "இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே" என்பவர்களுக்கு என் பதில் இதுதான். இத்தனை நாள் அந்த டயரிடம் நீங்கள் இந்த வேலையைக் கேட்கவில்லை.

எட்டு ஆகாத டயராக இருந்தாலும் உடனே மாற்ற வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. பக்கவாட்டில் எங்காவது புடைப்பு தெரிந்தால் உள்ளே நூலடுக்கு அறுந்துவிட்டது என்று அர்த்தம், பள்ளத்தில் குத்தியதில் வருவது இது. அன்றைக்கே கழற்ற வேண்டும், பேட்ச் போடுவதெல்லாம் கிடையாது. பட்டன் பள்ளத்தின் அடிப்பகுதியைக் கட்டை விரலால் விரித்துப் பாருங்கள். அங்கே நீளவாக்கில் கோடு கோடாக வெடிப்பு இருந்தால் அது பக்கவாட்டில் தெரிகிற மெல்லிய வெடிப்பைவிட மோசம். பக்கவாட்டு மெல்லிய கீறல்கள் வயதானதன் அடையாளம். நகம் உள்ளே இறங்குகிற அளவுக்கு இருந்தால் மாற்ற வேண்டும். இதைப் பார்ப்பதற்கு முன் டயரை வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கார் வாஷில் அடிக்கிற பளபளா பாலிஷ் வெடிப்பை அழகாக மறைத்துவிடும்.

இன்னொரு அறிகுறி கைக்குத் தெரியும். அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் பார்த்த பிறகும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங்கோ சீட்டோ புதிதாக அதிர ஆரம்பித்தால், அல்லது மெதுவாகப் போகும்போது ஒரு சக்கரத்திலிருந்து தட் தட் என்று தாளம் வந்தால், பெல்ட் பிரியத் தொடங்கியிருக்கலாம். வண்டியை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் பட்டன் ஒரு இடத்தில் மேலெழும்பி இறங்குவது தெரியும். அதை மறுபடி பேலன்சிங் போட்டுச் சரி பண்ண முடியாது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். பெல்ட் ஓரத்து ரப்பர் கெட்டுப்போன டயரில் இந்த அறிகுறிகளில் ஒன்றுகூட வெளியே தெரியாமல் இருக்கலாம். பார்க்க நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி நெடுஞ்சாலையில் போவது ஆறு வயதுக்கு உட்பட்ட டயருக்குத்தான் பேச்சு.

ஸ்டெப்னிக்கு வருகிறேன். இந்த இடத்தில் நிறையப் பேர் ஒரு கணக்குப் போடுவார்கள்: "ஸ்டெப்னி தரையையே தொடலை, அதை ஒண்ணா வெச்சுக்கிட்டு மூணு மட்டும் வாங்கலாம்." வேண்டாம். அதுவும் 2017-இல் பிறந்ததுதான். காற்றோடு டிக்கிச் சூட்டில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது. ஓடாத ஸ்பேர் டயர்களும் முதுமை அடைகின்றன என்பதை அந்த ஃபீனிக்ஸ் ஆராய்ச்சியிலேயே பார்த்தார்கள். கழற்றப்போகும் பழைய டயர்களில் ஒன்றை ஸ்டெப்னியாக வைப்பதிலும் அர்த்தமில்லை. முடிந்தால் ஐந்தாக வாங்குங்கள். முடியாவிட்டால் இருக்கிற ஸ்டெப்னி பஞ்சர் கடை வரை போவதற்கு மட்டும், அதுவும் நிதானமான வேகத்தில்.

நான்கும் ஒரே நேரத்தில் வாங்குவது வீட்டுச் செலவில் பெரிய தொகைதான், அது தெரியாமல் சொல்லவில்லை. ராமேஸ்வரம் ரயிலில் போய்விட்டு, இப்போது இரண்டு, தீபாவளிக்கு முன் இரண்டு என்று பிரித்துக்கொள்ளலாம், அதுவரை வண்டி ஊருக்குள் மட்டும். அப்படி இரண்டு வாங்கினால் அவற்றைப் பின் சக்கரத்தில் போடச் சொல்லுங்கள். முன் சக்கரம்தானே இழுக்கிறது, திருப்புகிறது, அதனால் புதுசு முன்னால்தான் என்று பல கடைகளில் சொல்வார்கள். மழை ரோட்டில் முன் டயர் பிடி விட்டால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பின் டயர் பிடி விட்டால் வண்டியின் பின்புறம் சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. அதனால் நல்ல டயர் பின்னால். செகண்ட் ஹேண்ட் டயர் பக்கமே போகாதீர்கள், யார் வண்டியில் எந்தப் பள்ளத்தில் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்ஷூரன்ஸ் கைகொடுக்கும் என்றும் நினைக்க வேண்டாம். சாதாரண பாலிசியில் டயர் மட்டும் வெடித்தால் பணம் கிடையாது, வண்டியும் சேர்ந்து அடிபட்டிருந்தால்தான், அப்போதும் டயர் விலையில் பாதிதான்.

கடைக்குப் போகும்போது: ஏற்கெனவே இருக்கும் அதே அளவு, லோடு இண்டெக்ஸும் (எவ்வளவு பாரம் தாங்கும் என்ற எண்) வேகக் குறியீடும் (எந்த வேகம் வரை தாங்கும் என்ற எழுத்து) பழையதற்குக் குறையாமல். லோடு இண்டெக்ஸ் 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 82 என்றால் 475. விலை குறைகிறது என்று இதில் இறங்கிவிடாதீர்கள். சக்கரத்தில் மாட்டுவதற்கு முன்பே நான்கு டயரின் தேதியையும் நீங்களே படியுங்கள். ஆறு மாதத்துக்குள் தயாரானதைக் கேளுங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சுற்றிலும் டயர் ஆலைகள் இருக்கிற மாநிலத்தில் இரண்டு வருஷம் குடோனில் கிடந்ததை முழு விலைக்கு வாங்க வேண்டிய அவசியம் இல்லை. "மாட்டியாச்சு சார், இனி மாத்த முடியாது" என்ற பேச்சு வராமல் இருக்கத்தான் முன்பே பார்ப்பது. டியூப்லெஸ் டயரின் வால்வும் ரப்பர்தான், அதற்கும் அதே வயது. நான்கு வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், சொற்பக் காசு. பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் அன்றைக்கே முடியுங்கள்.

காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடிக்கட்டுமா என்று கடையில் கேட்பார்கள். கெடுதல் இல்லை, ஆனால் காசு கொடுத்து அதை நிரப்பிவிட்டு ஆறு மாதம் காற்றுப் பார்க்காமல் இருப்பதைவிட, சாதாரணக் காற்றை மாதம் இரண்டு தடவை பார்ப்பது பல மடங்கு மேல். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்ற ஸ்டிக்கர் இருக்கும், காலி வண்டிக்கும் முழுப் பாரத்துக்கும் தனித்தனி எண் போட்டிருந்தால் ராமேஸ்வரம் போகும்போது முழுப் பாரத்து எண். காலையில், டயர் ஆறியிருக்கும்போது அடிக்க வேண்டும். மதியம் ஓட்டத்தின் நடுவில் பார்த்தால் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடத்தான் காட்டும். பயந்துபோய் காற்றை இறக்கிவிடாதீர்கள், இறக்கினால் டயர் இன்னும் சூடாகும்.

எவ்வளவு பார்த்தாலும் டயர் வெடிக்கவே வெடிக்காது என்று யாரும் சொல்ல முடியாது, ஆணி இருக்கிறது, பள்ளம் இருக்கிறது. ஓடும்போது வெடித்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நேராக வைத்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். வேகம் நன்றாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டுங்கள். வண்டியை ஓட்டுகிற எல்லோரிடமும், உங்கள் வீட்டம்மாவும் ஓட்டுவாரானால் அவரிடமும், இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் மாட்டாமல் ஒரு வாரம் முன்பே மாட்டுங்கள். புது டயரின் மேல், அதை வார்த்தெடுத்த அச்சிலிருந்து வந்த வழவழப்பு கொஞ்சம் இருக்கும், முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் திடீர் பிரேக், வேகத் திருப்பம் வேண்டாம். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதே கடைக்குப் போய் வீல் நட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அப்படியே ஸ்டெப்னிக்கும் காற்று பார்த்துவிடுங்கள்.